ஆணையும் வழக்காறும்: கொங்குநாட்டிலும் ஜப்பானிலும் சமூகநிலை மாற்றம் – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சமூகத்தில் யார் செருப்பணியலாம், எத்தகைய ஆடை உடுக்கலாம், எவ்வழியில் நடக்கலாம் என்பனவற்றை வழக்காறு வரையறுக்கும்போது, அவ்வழக்காற்றை அரசாணையால் மாற்ற இயலுமா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. கொங்குநாட்டுக் கம்மாளர்க்கு வழங்கப்பட்ட அரசாணைக் கல்வெட்டு, ஜப்பானில் 1871ஆம் ஆண்டு வெளியான சமூகநிலை ஒழிப்பாணை, இந்தியாவில் 1843 முதல் 2015 வரை இயற்றப்பட்ட சட்டங்கள் ஆகியன ஒப்பிட்டு நோக்கப்படுகின்றன. ஆணையின் வெற்றி அதன் சொற்களை மட்டும் பொறுத்ததன்று. யாரை நோக்கி அது பேசுகிறது, வாழ்வாதாரத்தை எவ்வாறு விட்டுவைக்கிறது, பழைய அடையாளத்தைத் தாங்கும் ஆவணத்தை என்ன செய்கிறது என்னும் மூன்றையும் பொறுத்தது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கொங்குநாடு, அவிநாசி, கம்மாளர், இடங்கை, அருந்ததியர், ஜப்பான், புராக்கு மக்கள், வழக்காறு, குடியுரிமைச் சட்டம்.

முன்னுரை

ஜப்பானியச் சமூகத்தின் மாற்றத்தைப் பேசும் தமிழ் நூல்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் 1868ஆம் ஆண்டு மெய்ஜி ஆட்சிமாற்றத்தையும் அதன் பின் நிகழ்ந்த தொழில் வளர்ச்சியையும் மையமாகக் கொள்கின்றன. திருப்பூர், கோயம்புத்தூர் பகுதிகளின் தொழில் வளர்ச்சியை விளக்கும்போதும் ஜப்பானை எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆனால், அந்நாட்டின் வளர்ச்சிக்கு அடியில் கிடந்த சமூகப் படிநிலை என்னவாயிற்று என்னும் வினா நம்மிடையே அரிதாகவே எழுப்பப்படுகிறது. அவ்வினாவைக் கொங்குநாட்டு வரலாற்றோடு இணைத்துக் காண்பதற்குப் போதிய சான்றுகள் இருபுறமும் உள்ளன.

இவ்வொப்பீட்டிற்கு முன்னோடியான ஒரு மரபும் உண்டு. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா தம் வாழ்நாள் ஆய்வின் பெரும்பகுதியைத் தமிழ்க் கல்வெட்டுகளுக்கே அளித்தவர். தமிழகத்தை ஜப்பானியர் ஒருவர் கல்வெட்டின் வழியே ஆழ்ந்து பயின்றார் எனில், ஜப்பானின் ஆணைகளையும் பதிவேடுகளையும் தமிழ்க் கல்வெட்டின் பின்புலத்தில் நாம் படிப்பது பொருந்தாத முயற்சியாகாது.

ஆய்வெல்லை கொங்குநாடாகும், பழைய வடபரிசார நாட்டைச் சேர்ந்த அவிநாசியும் அதன் சுற்றுவட்டாரமும் அதன் நடுவில் அமைகின்றன. சுந்தரர் பாடிய திருப்புக்கொளியூர் என்னும் தொன்மையும், பின்னலாடை ஆலைகளுக்கும் விசைத்தறிகளுக்கும் நாள்தோறும் ஆட்களை அனுப்பும் இன்றைய நிலையும் ஒருங்கே அமைந்த வட்டாரம் இது. வழக்காறும் மாற்றமும் இங்கு அருகருகே காணக்கிடைக்கின்றன.

ஒப்பீட்டின் எல்லையை முதலிலேயே குறிப்பிடுதல் தகும். கம்மாளர் தீண்டாமைக்குட்பட்ட குடியினர் அல்லர். ஜப்பானின் புராக்கு மக்களும் இந்தியாவின் பட்டியல் சாதியினரும் ஒரே வகை அமைப்பினுள் அடங்குபவரும் அல்லர். இங்கு ஒப்பிடப்படுவது மக்கட்பிரிவுகள் அல்ல. அவர்களை நோக்கி அரசு பேசிய முறையே.

1. கருவூர்க் கல்வெட்டு கூறுவது

தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் ஹுல்ட்ஷ் பதிப்பித்த கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிற் கல்வெட்டுகளுள் ஒன்று, வெங்கால நாட்டுக் கண்மாளரை விளித்துக் கோனேரிமேல்கொண்டான் விடுத்த ஆணையாகும். கோனேரின்மைகொண்டான் எனவும் வழங்கும் இப்பெயர் தனியொருவரின் இயற்பெயரன்று. அரசர் பலர் தம் ஆணைகளின் தலைப்பில் மேற்கொண்ட பட்டம். எனவே, இக்கல்வெட்டை எவ்வரசருக்கு உரியதாகக் கொள்வது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆணையின் பொருளில் ஐயமில்லை.

பதினைந்தாம் ஆட்சியாண்டின் ஆடித் திங்கள் முதல் நடைமுறைக்கு வருவதாக அவ்வாணை நான்கு செய்திகளைக் கூறுகிறது. கம்மாளர் தம் நன்மை தின்மைகளில், அதாவது மங்கல நிகழ்விலும் இறப்பு நிகழ்விலும், இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம். பேரிகை முதலானவற்றைக் கொட்டுவித்துக்கொள்ளலாம். வெளியே புறப்பட்டுச் செல்லும் இடங்களுக்குச் செருப்பு அணிந்து செல்லலாம். தம் வீடுகளின் சுவர்களுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இவ்வாணை ஞாயிறும் திங்களும் உள்ளவரை செல்லும் என்றும், அதனைக் கம்மாளர் தமக்கு வேண்டிய இடங்களில் கல்லில் வெட்டிக்கொள்ளலாம் என்றும் கல்வெட்டு முடிகிறது. கோயம்புத்தூரை அடுத்த பேரூரிலும் இதே பொருளமைந்த ஆணை கிடைத்துள்ளது.

இக்கல்வெட்டிலிருந்து நேரடியாகப் பெறப்படுவன இரண்டு. முதலாவது, உலோகத்தையும் மரத்தையும் கல்லையும் பயன்படுத்திக் கோயிலையும் அரண்மனையையும் எழுப்பிய கைவினைஞர், தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச முன்னர் உரிமையற்றவராக இருந்தனர். பொருள் வறுமையால் அன்று, வழக்காற்றுத் தடையாலேயே அவர்தம் சுவர்கள் பூச்சின்றி நின்றன. பொருளில்லாதவர்க்குச் சாந்து பூச அரசாணை தேவைப்பட்டிராது. இரண்டாவது, ஆணையைக் கல்லில் வெட்டிக்கொள்ளும் பொறுப்பு கம்மாளரிடமே விடப்பட்டது. உரிமையை நிலைநாட்டும் சான்றைப் பெற்றவரே சுமக்கவேண்டியிருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் படிகள் வெட்டப்பட்டமைக்கு இதுவே காரணமாகலாம். தடுப்பவர் இருந்த இடங்களில் எடுத்துக்காட்டக் கல் தேவைப்பட்டிருக்கும்.

2. அனுமதி என்னும் ஆணைவடிவம்

இவ்வாணையின் மொழியமைப்பு கவனத்திற்குரியது. அது கம்மாளரை நோக்கி மட்டுமே பேசுகிறது. நீங்கள் இவற்றைச் செய்துகொள்ளச் சொன்னோம் என்பதே அதன் சாரம். இதுகாறும் தடுத்தவர் யாவர் என்பதை அது குறிப்பிடவில்லை. இனியும் தடுப்பவர்க்கு என்ன தண்டனை என்பதையும் கூறவில்லை. செருப்பணிதல் மனிதர் அனைவர்க்கும் உரியது என்னும் பொதுவிதி அதில் இல்லை. ஒரு குடிக்கு அரசர் அளித்த தனிச்சலுகை என்ற அளவிலேயே அது நிற்கிறது. கம்மாளர் பெற்ற உரிமை பிறருக்குக் கிட்டவில்லை என்பதை ஆணையின் மௌனமே உணர்த்துகிறது.

இத்தகைய ஆணையை ‘அனுமதி ஆணை’ எனலாம். அது படிநிலையை ஒழிப்பதில்லை. படிநிலைக்குள் ஒரு குழுவின் இடத்தை உயர்த்துகிறது. பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் வட்டாரத்தில் கள ஆய்வு செய்து 1972இல் வெளியிட்ட நூல், கொங்குச் சமூகத்தை வலங்கை, இடங்கை என்னும் பிரிவுகளின் வழியே விளக்குகிறது. நிலத்தோடும் வேளாண்மைத் தலைமையோடும் பிணைந்தவை வலங்கைக் குடிகள்; கைத்திறனையும் வணிகத்தையும் சார்ந்தவை இடங்கைக் குடிகள். அவர் தரும் பகுப்பில் கம்மாளரும், தோல்தொழிலைச் செய்துவந்த மாதாரியரும் (அருந்ததியர்) இடங்கைப் பிரிவிலேயே அமைகின்றனர். ஒரே பிரிவின் மேல்நிலையில் இருந்தவர்க்குச் செருப்பணியும் உரிமை கல்லில் வெட்டப்பட்டது. அச்செருப்பைத் தைத்தவர்க்கு அவ்வுரிமை அண்மைக்காலம் வரை பல ஊர்த்தெருக்களில் மறுக்கப்பட்டது. அனுமதி ஆணையின் எல்லை இதனால் தெளிவாகும்.

3. ஜப்பானில் ஆடையும் காலணியும்

தொக்குகவா ஆட்சிக்காலத்தில் (1603–1868) ஜப்பானியச் சமூகம் போர்வீரர், உழவர், கைவினைஞர், வணிகர் என்று வகுக்கப்பட்டிருந்தது. இவ்வகுப்பிற்கு வெளியே ‘எத்தா’ என்றும் ‘ஹினின்’ என்றும் இழிபெயரால் சுட்டப்பட்ட மக்கள் வாழ்ந்தனர். இறந்த மாடுகளையும் குதிரைகளையும் அகற்றுதல், தோல் பதனிடுதல், குற்றத்தண்டனை நிறைவேற்றும் பணிகள் ஆகியன அவர்களுள் பலர்க்கு உரியனவாக விதிக்கப்பட்டிருந்தன. தோலைத் தொடுதல் தூய்மையைக் கெடுக்கும் என்னும் எண்ணமும், தோலின்றிப் போர்க்கருவிகள் இல்லை என்னும் தேவையும் அங்கு ஒருங்கே நின்றன.

1855ஆம் ஆண்டின் இறுதியில் ஒகயாமா நிலப்பகுதியின் ஆட்சியாளர் சிக்கன ஆணைகள் சிலவற்றைப் பிறப்பித்தனர். அவற்றுள் இறுதிப் பகுதி இம்மக்களுக்கெனத் தனியே அமைந்தது. பூவேலையற்ற ஆடையை மட்டுமே, அதுவும் பனிச்சைக்காய்ச் சாற்றின் நிறமோ அவுரிநீலமோ தோய்த்ததை மட்டுமே அவர்கள் உடுக்கவேண்டும். ஊருக்குள் மரச்செருப்பு அணிந்தால், அறிந்தவர் எதிர்ப்படுகையில் அதனைக் கழற்றி வணங்கவேண்டும் என்று அப்பகுதி விதித்தது. கருவூர்க் கல்வெட்டை அறிந்த வாசகர்க்கு இவ்விதியின் உள்ளீடு புதியதன்று. அங்கு அரசர் செருப்பை அனுமதித்தார்; இங்கு ஆட்சியாளர் அதனைக் கழற்றச் சொன்னார். இரண்டிலும் கால்மேல் அதிகாரம் அரசுக்கு உண்டு என்பதே அடிப்படை.

வேறுபாடு அடுத்து நிகழ்ந்ததில் உள்ளது. ஆணைக்குட்பட்ட ஊரினர், தாம் நிலவரி செலுத்தும் உழவரே என்று கூறி எழுத்துவழி முறையிட்டனர். முறையீடு மறுக்கப்பட்டபின் 1856ஆம் ஆண்டு ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் திரண்டு சென்று, தம் விண்ணப்பத்தை உயர் அதிகாரியிடம் ஏற்கச் செய்தனர். ஆடை விதி நடைமுறைக்கு வரவில்லை. ஆயினும், முன்னின்றவர் பன்னிருவர் சிறையிலிடப்பட்டனர். அவருள் அறுவர் சிறையிலேயே இறந்தனர். ஆணை ஏட்டில் இருந்தும் செயலிழந்தமைக்கு இந்நிகழ்வு சான்று. கொங்குநாட்டுக் கல்வெட்டு, உரிமை வழங்கிய முடிவை மட்டும் நமக்குக் காட்டுகிறது. அதனைப் பெறக் கம்மாளர் நடத்திய முயற்சி எதுவாயினும் கல்லில் ஏறவில்லை. ஒகயாமா நிகழ்வோ முயற்சியின் விலையையும் பதிவுசெய்துள்ளது.

4. 1871ஆம் ஆண்டு ஆணையும் அதன் எச்சமும்

மெய்ஜி அரசு 1871ஆம் ஆண்டு ‘எத்தா’, ‘ஹினின்’ என்னும் பெயர்களை ஒழித்து, அம்மக்கள் நிலையிலும் தொழிலிலும் பொதுமக்களுக்கு நிகராவர் என்று ஆணையிட்டது. பொதுமக்கள் குடும்பப்பெயர் கொள்ளவும், போர்வீரர் குடியோடு மணவுறவு கொள்ளவும் அடுத்தடுத்து இசைவளிக்கப்பட்ட காலமும் அதுவே. கருவூர் ஆணையைப்போல் ஒரு குடிக்குச் சலுகை தருவதோடு நில்லாமல், படிநிலையின் பெயரையே நீக்க முயன்ற வகையில் இது வேறு வகையினது. எனினும் அதன் குறைகள் மூன்று.

முதலாவது, அவ்வாணை விடுவிக்கப்பட்டோரைப் பற்றிப் பேசியதே அன்றி, அவர்களைத் தடுப்போர்க்குத் தண்டனை எதனையும் கூறவில்லை. 1873ஆம் ஆண்டு, இன்றைய ஒகயாமா மாவட்டத்தின் வடபகுதியான மிமசாகாவில், கட்டாயப் படைச்சேவையை எதிர்த்து உழவர் கிளர்ந்தனர். அக்கிளர்ச்சி புராக்கு ஊர்களின் மீதும் திரும்பியது; 18 பேர் கொல்லப்பட்டனர். நிகர்நிலை அறிவிக்கப்பட்டபின், பழைய பணிவைக் காட்ட மறுத்தமையே அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம்.

இரண்டாவது, தொழிலில் நிகர்நிலை என்ற சொல் தோல்தொழிலில் அவர்களுக்கிருந்த தனியுரிமையையும் நீக்கியது. முன்னர் இருந்த வரிவிலக்குகளும் மறைந்தன. இழிவைச் சுமத்திய தொழிலே உணவையும் அளித்தது. இழிவு சமூகத்தில் நீடிக்க, உணவளித்த உரிமை மட்டும் சட்டத்தால் அகன்றது. நிலமோ முதலோ ஈடாக வழங்கப்படவில்லை.

மூன்றாவது, 1872ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட குடும்பப் பதிவேட்டில் சில இடங்களில் அவர்கள் ‘புதிய பொதுமக்கள்’ என்றோ பழைய பெயராலோ குறிக்கப்பட்டனர். பெயரை ஒழித்த அரசே அதனைத் தாங்கும் ஏட்டையும் உருவாக்கியது. திருமணத்திற்கும் வேலைக்கும் முன் குடிவழியை ஆராய விரும்பியோர்க்கு அவ்வேடு நெடுங்காலம் பயன்பட்டது. 1968ஆம் ஆண்டுதான் அது பொதுப்பார்வைக்கு மூடப்பட்டது. அதன் பின்னும் 1975இல், புராக்கு ஊர்களின் பெயர்களைத் தொகுத்த பட்டியல் நிறுவனங்களுக்கு மறைவாக விற்கப்பட்டமை வெளிப்பட்டது.

இக்குறைகளுக்கு எதிர்வினையாக 1922 மார்ச் 3 அன்று கியோத்தோவில் ‘சுயிஹெய்ஷா’ என்னும் நிகர்நிலைச் சங்கம் தோன்றியது. நீர்மட்டம் போன்ற சமநிலை என்பது அப்பெயரின் பொருள். அரசு தரும் இரக்கத்தை வேண்டாது தம் முயற்சியால் விடுதலை பெறுதலே அதன் கொள்கை. 1947 மே 3இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 14ஆம் உறுப்பு, சமூகநிலையாலோ குடிப்பிறப்பாலோ வேறுபாடு காட்டப்படலாகாது என்றது. 1969 முதல் 2002 வரை சிறப்புச் சட்டங்களின்வழி வீடு, சாலை, கல்வி ஆகியவற்றிற்கு அரசு செலவிட்டது. 2016இல், புராக்கு வேறுபாட்டைப் பெயர்சுட்டி ஒழிக்க முனையும் தனிச்சட்டம் வந்தது. அதிலும் தண்டனைப் பிரிவு இல்லை. 1871ஆம் ஆண்டின் ஆணைக்கு 145 ஆண்டுகளுக்குப் பின்னும் அத்தகைய சட்டம் தேவைப்பட்டது என்பதே, முதல் ஆணை எதை மாற்றாது விட்டது என்பதற்குச் சான்று.

5. கொங்குநாட்டில் தோலும் கிணறும்

ஜப்பானியத் தோல்தொழிலின் இடத்தைக் கொங்குநாட்டில் விளங்கிக்கொள்ளக் கிணற்றைப் பார்க்கவேண்டும். காவிரி, பவானி, அமராவதி, நொய்யல் ஆகியவற்றின் பாசனம் எட்டாத மேட்டுப்பகுதிகளில், குறிப்பாக அவிநாசி, பல்லடம் வட்டாரங்களில், வேளாண்மை மழையையும் ஆழ்கிணற்றையும் நம்பியே நடந்தது. எருதுகளைப் பூட்டிக் கவலை இறைக்கும் முறையில் நீரை மேலேற்றத் தோலுறுப்புகள் இன்றியமையாதவை. அவற்றைத் தைப்பதும் பழுதுபார்ப்பதும், மாட்டுக்குரிய வார்களையும் மக்களுக்குரிய செருப்புகளையும் செய்து தருவதும் மாதாரியர் பணி. அதற்கு ஈடாக அறுவடையில் தவசம் பெற்றனர். நிலவுடைமையாளரின் தோட்டத்தில் பண்ணையாளாகவும் அவர்களுள் பலர் உழைத்தனர்.

இவ்வமைப்பில் ஒரு முரண் உண்டு. தோலில்லாமல் கிணற்றிலிருந்து நீர் ஏறாது. ஆனால் தோல் தைத்தவர் ஊர்க்கிணற்றில் நீரெடுக்க இயலாது. அவர்கள் தைத்த செருப்பு ஊர்த்தெருவில் நடக்கும். அவர்களே அதனை அணிந்து அத்தெருவில் நடத்தல் ஆகாது. ஒகயாமாவின் மரச்செருப்பு விதி அங்கு ஏட்டில் எழுதப்பட்டது. கொங்குநாட்டில் அது எழுதப்படாத வழக்காறாக இருந்தது. எழுதப்பட்டதை எழுத்தால் எதிர்க்கலாம். எழுதப்படாததை எதிர்க்க முதலில் அது உண்டு என்பதையே நிறுவவேண்டும்.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் செயற்படத் தொடங்கியதும், கோயம்புத்தூர்ப் பகுதியில் நூற்பாலைகளோடு மின்னிறைப்பிகளும் பெருகின. விடுதலைக்குப் பிந்திய மின்மயமாக்கத்தில் கவலை இறைப்பு படிப்படியாக மறைந்தது. அதனோடு தோல்வேலைக்கும் தவசப் பங்கிற்கும் இருந்த பிணைப்பும் தளர்ந்தது. ஜப்பானில் ஓர் ஆணை செய்ததை இங்கு ஒரு பொறி செய்தது எனலாம்: பழைய தொழில் அகன்றது, அதன்வழி வந்த உரிமையான ஊதியமும் அகன்றது, அத்தொழிலோடு ஒட்டிய இழிவு மட்டும் தானாக அகலவில்லை.

6. அனுமதியிலிருந்து தடுப்போர் தண்டனைக்கு

கொங்குநாடு 1799இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக்குட்பட்டது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், ஒருவரை அடிமை என்று கூறி உடைமையுரிமை கோரும் வழக்கை நீதிமன்றம் ஏற்பதைத் தடுத்தது. அடிமைநிலைக்கு அரசின் துணையை விலக்கியதே அன்றி, பண்ணையாள் நிலையிலிருந்தோர்க்கு நிலத்தையோ கூலியையோ அது உறுதிசெய்யவில்லை. அவ்வகையில் அது 1871ஆம் ஆண்டு ஜப்பானிய ஆணைக்கு முன்னோடியும் குறைபாட்டில் உடன்பிறப்பும் ஆகும்.

அடுத்த திருப்பம் சட்டமன்றத்தில் நிகழ்ந்தது. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொணர்ந்த தீர்மானம், பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகம் ஆகியன ஒடுக்கப்பட்டோர்க்கும் உரியன என்பதை அரசின் வாயாலேயே அறிவிக்கச் செய்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த உறுப்பினர் ஆர். வீரையன், அவ்வுரிமையைத் தடுப்போர்க்குத் தண்டம் விதிக்கப்படவேண்டும் என்று வலியுறுத்தினார். அறிவித்தல் போதாது, தடுத்தலைக் குற்றமாக்கவேண்டும் என்னும் கருத்து கொங்குநாட்டுப் பட்டறிவிலிருந்தே எழுந்தது என்பது குறிப்பிடத்தக்கது. இது சுயிஹெய்ஷா தோன்றிய காலத்திற்கு அணுக்கமானது.

அதன்பின் வந்தவை வரிசையாக அக்கருத்தை விரிவுபடுத்தின. 1938இல் எம். சி. ராஜா முயற்சியால் குடியியல் தடை நீக்கச் சட்டமும், 1939இலும் 1947இலும் கோயில் நுழைவுச் சட்டங்களும் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டன. 1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு, தீண்டாமையை ஒழித்ததோடு அதனைக் கடைப்பிடித்தல் தண்டனைக்குரிய குற்றம் என்றும் உரைத்தது. ஜப்பானிய அரசியலமைப்பின் 14ஆம் உறுப்பில் இப்பின்பகுதி இல்லை. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976இல் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர்பெற்றது. 1989இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது.

அச்சட்டத்திற்கு 2015இல் செய்யப்பட்ட திருத்தம் நம் பொருளுக்கு நேரடித் தொடர்புடையது. பொதுவிடத்தில் செருப்போ புத்தாடையோ அணிவதையும், மிதிவண்டியிலோ விசையுந்திலோ செல்வதையும், திருமண ஊர்வலம் நடத்துவதையும் தடுத்தல் குற்றம் என்று அது தனித்தனியே எடுத்துரைக்கிறது. செருப்பு, மங்கல நிகழ்வின் ஆரவாரம் என்னும் கருவூர்ப் பட்டியலின் இரு கூறுகள், பல நூற்றாண்டுகளுக்குப் பின் இந்திய நாடாளுமன்றச் சட்டத்தில் மீண்டும் இடம்பெற்றுள்ளன. ஆயினும் சட்டத்தின் முகம் திரும்பியுள்ளது. கருவூர் ஆணை, செருப்பணிபவரை நோக்கி ‘நீர் அணியலாம்’ என்றது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம், எதிரே நிற்பவரை நோக்கி ‘நீர் தடுக்கலாகாது’ என்கிறது. உரிமை ஒருவர்க்கு வழங்கப்படுவது என்னும் நிலை மாறி, ஏற்கெனவே உள்ளதைப் பிறர் பறித்தலே குற்றம் என்னும் நிலை உருவாகியுள்ளது. கொங்குநாட்டுச் சட்ட வரலாற்றின் ஆழமான மாற்றம் இதுவே.

7. ஆவணம் எனும் இருமுனைக் கருவி

ஜப்பானில் பழைய அடையாளத்தைத் தாங்கிய பதிவேடு மறைக்கப்படவேண்டியதாயிற்று. இந்தியாவில் அதற்கு மாறான வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. சாதிச் சான்றிதழின்றி இடஒதுக்கீடும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிட்டுவதில்லை. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டு அருந்ததியர்க்கு மூன்று விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமாக்கப்பட்டது. உள்வகைப்பாடு செல்லும் என்று உச்சநீதிமன்ற அரசியலமைப்பு அமர்வு 2024 ஆகஸ்டு 1 அன்று தீர்ப்பளித்தது. பட்டியல் சாதியினருள்ளும் பின்தங்கியோர் யாவர் என்பதைக் கண்டறிய, அடையாளம் மேலும் நுண்மையாகப் பதியப்பட்டது.

இருவழியும் தத்தம் விலையுடையன. மறைத்தல், வேறுபாட்டைப் பேசுவதற்கான சொல்லையே பறித்துவிடும். பட்டியல் விற்பவர் மட்டுமே அதனை அறிந்தவராவர். பதிதல், உதவியின் வாயிலையும் இழிவின் முகவரியையும் ஒரே தாளில் எழுதும். எவ்வழியாயினும், ஆவணம் யார் கையில், எதன்பொருட்டு உள்ளது என்பதே முடிவை நிறுவுகிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஜப்பான் மீண்டும் பெயரைச் சுட்டிப் பேசத் தொடங்கியது, மறைத்தல் மட்டும் போதாது என்பதை ஏற்றதன் அறிகுறி.

8. தொழிலும் வழக்காறும்: அவிநாசி வட்டாரம்

சட்டம் முகம் திரும்பிய பின்னும், நடைமுறை எவ்விடத்தில் மாறியது, எவ்விடத்தில் மாறவில்லை என்பது தனி வினா. திருப்பூரைச் சுற்றிய சிற்றூர்களில் கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நேவ் ஆகியோர் நிகழ்த்திய ஆய்வுகள் இதற்கு விடை காண உதவுகின்றன. திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளுக்கு நாள்தோறும் சென்றுவரும் வாய்ப்புள்ள ஊரில், பட்டியல் சாதியினர் நிலவுடைமையாளரைச் சார்ந்திருத்தல் குறைந்து, பழைய வழக்காறுகளை மறுக்கும் வலிமை பெருகியது. விசைத்தறிக்கூடமே முதன்மை வேலையிடமான ஊரிலோ, முன்பணமாகப் பெற்ற ‘பாக்கி’ தொழிலாளரை உரிமையாளரோடு பிணைத்தது. வேலை புதிதாயினும் சார்புநிலை பழையதாகவே தொடர்ந்தது.

ஒரே மாவட்டம், ஒரே சட்டம், ஒரே காலம். வேறுபட்டது, வேலை கொடுப்பவரும் ஊரில் அதிகாரம் செலுத்துபவரும் ஒருவரா இருவரா என்பதே. எனவே தொழில்வளர்ச்சி தானாகவே சமநிலையைத் தரும் என்னும் கூற்றும், சட்டம் தானாகவே தரும் என்னும் கூற்றும் ஒருங்கே குறையுடையன.

2018 சூலையில் அவிநாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்தது இதனை மேலும் தெளிவாக்கும். அங்குள்ள அரசுப் பள்ளியில் சத்துணவுச் சமையலராகப் பணியேற்ற பட்டியல் சாதிப் பெண்மணி ஒருவர் சமைப்பதற்கு, ஆதிக்கச் சாதிப் பெற்றோர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர் வேறிடத்திற்கு மாற்றப்பட்டார். அதனைக் கண்டித்துப் போராட்டம் எழுந்தது. இடமாற்ற ஆணை கைவிடப்பட்டது. எதிர்த்தோர்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதியப்பட்டது.

இந்நிகழ்வில் இக்கட்டுரை கூறிய நிலைகள் மூன்றும் சில நாள்களுக்குள் அடுத்தடுத்துத் தோன்றுகின்றன. முதலில் எழுதப்படாத வழக்காறு பேசியது. அடுத்து, அமைதியின் பொருட்டு எனத் தோன்றும் வகையில், தடுக்கப்பட்டவரையே இடம்பெயர்க்கும் நிருவாக ஆணை வந்தது. அது தடுத்தவரை நோக்கிப் பேசவில்லை. மூன்றாவதாக, தடுத்தவரை நோக்கிப் பேசும் சட்டம் இயக்கப்பட்டது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குச் செல்ல ஏட்டில் இருந்த சட்டம் மட்டும் போதவில்லை. மக்கள் திரண்டு கேட்கவேண்டியிருந்தது. ஒகயாமாவில் 1856இல் கண்ட உண்மையும் இதுவே. உணவு மறுப்பு நிகழ்ந்த இடம் பள்ளி என்பதும் நோக்கத்தக்கது. 1982இல் தமிழ்நாடெங்கும் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில், குழந்தைகள் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணுகின்றனர். அவ்வரிசைக்கான உணவை யார் சமைப்பது என்பதில் வழக்காறு தன் கடைசிப் பிடியை இறுக்கிப் பார்த்தது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து பெறப்படும் முடிபுகள் பின்வருமாறு.

முதலாவது, கருவூர் ஆணை, 1871ஆம் ஆண்டு ஜப்பானிய ஆணை, 2015ஆம் ஆண்டு இந்தியத் திருத்தம் ஆகியன முறையே சலுகை, நிகர்நிலை அறிவிப்பு, தடுத்தலைக் குற்றமாக்கல் என்னும் மூன்று சட்டவடிவங்களைக் காட்டுகின்றன. இவை காலவரிசையில் ஒன்றையொன்று முற்றிலும் நீக்கிவிடுவதில்லை. ஒரே நிகழ்வில் மூன்றும் எதிரெதிரே நிற்கக்கூடும்.

இரண்டாவது, இழிவோடு பிணைக்கப்பட்ட தொழிலை நீக்கும் மாற்றம், அது ஆணையால் வரினும் பொறியால் வரினும், மாற்று வாழ்வாதாரம் இன்றி வந்தால் இழிவை எஞ்சவிட்டு ஊதியத்தை மட்டும் கொண்டுசெல்லும்.

மூன்றாவது, அடையாளத்தை மறைத்த ஜப்பானிய வழியும் பதிந்த இந்திய வழியும் தனித்தனியே நிறைவுடையன அல்ல. மறைத்தாரிடம் மீண்டும் பெயர் தேவைப்பட்டது; பதிந்தாரிடம் அப்பெயர் உதவிக்கு மட்டும் பயன்படுமாறு காத்தல் தேவைப்படுகிறது.

நான்காவது, ஆய்வு நெறி சார்ந்தது. கல்வெட்டும் சட்டநூலும் ஆணையின் பிறப்பைப் பதிகின்றன. அது நடைமுறையில் பெற்ற வாழ்வைப் பதிவதில்லை. கருவூர்க் கல்வெட்டைப் படிக்கும் ஆய்வாளர், கம்மாளர் செருப்பணிந்து நடந்த முதல் நாளில் எதிர்ப்பட்டவர் என்ன செய்தார் என்று கேட்டறிய இயலாது. அவிநாசி வட்டாரத்தில் இன்று அவ்வினாவைக் கேட்க இயலும். கவலை இறைத்த கிணற்றையும் ஊர்த்தெருவின் வழக்காற்றையும் நேரில் அறிந்த முதியோர் இன்னும் உள்ளனர். அவர்தம் வாய்மொழியை ஊர்வாரியாகத் தொகுத்தல், கொங்குநாட்டுச் சமூக வரலாற்றாய்வு காலந்தாழ்த்தாது மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.